சிடியில் இரைச்சல் எங்கிருந்து வந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உங்களில் பலர் வீட்டு பீரோவில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில், சில சிடிகள் கிடக்கும். மேலே மார்க்கரில் "அப்பா பாட்டு", "ஸ்கூல் டே 2002", "பாட்டி கதை" என்று எழுதியிருக்கும். கம்பெனி போட்ட சிடி அல்ல. வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ எழுதியது. அதைப் போட்டுக் கேட்டுவிட்டு இயற்பியல் வாத்தியாரான என்னிடம் வருபவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "சிடின்னா தெளிவா இருக்கும்னுதானே சார் சொன்னாங்க? இது ஏன் இப்படி இரையுது?"

பெரும்பாலும் சிடி மேல் தப்பில்லை. அந்த இரைச்சல் சிடிக்குள் போவதற்கு முன்பே ஒலியோடு சேர்ந்துவிட்டது. சிடி தன் பங்குக்குச் செய்கிற கெடுதல் வேறு வகை. அது பல வருஷம் வெளியே தெரியாது. தெரியும்போது மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எப்படி என்று சொல்ல நம் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கேசட் கடைகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எண்பதுகளில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை இல்லாத கடைத்தெரு உண்டா? கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு நாள் கழித்துப் போனால் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்து, அட்டையில் பாட்டுப் பெயரை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படும். அதற்கு யாரும் சண்டை போட்டதில்லை. எல்பி ரெக்கார்டிலிருந்து பதிந்தால் நன்றாக இருக்கும். இன்னொரு கேசட்டிலிருந்து பதிந்தால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். அதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிரதி எடுத்தால் இன்னும் கூடும். கேசட் என்றால் அப்படித்தான் என்று காது பழகிவிட்டது.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தபோது இசைக்காக அதை யோசிக்கவே இல்லை, பேச்சைப் பதியத்தான். நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் இரு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இந்தக் குறுகின இடத்தில் ஜால்ரா ஒலியைப் பதிய வேண்டுமென்றால், ஹெட்டில் இருக்கும் மெல்லிய இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். துளி சாய்ந்தாலும் மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். பதிந்த மெஷினில் ஹெட் ஒரு கோணம், கேட்கும் மெஷினில் வேறு கோணம் என்றால், நாடாவில் ஒலி நன்றாக இருந்தும் காதுக்கு வராது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு உண்டு. அதைத் திருப்பித் திருப்பி, எங்கே ஒலி பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துவார்கள் பழைய மெக்கானிக்குகள். சிடிக்கு மாற்றும் காலம் வந்தபோது நம் பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் மறந்துபோனது இந்தத் திருகைத்தான்.

இனி சிடி. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980இல் இலக்கணம் வகுத்தார்கள்; 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. ஒரு வினாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிப்பது அதன் முறை. ஏன் 44,100 என்று வகுப்பில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பது பாதி விடை. மீதி பாதி சுவாரஸ்யமானது. அந்தக் காலத்தில் இவ்வளவு எண்களைப் பதிந்து வைக்க வீடியோ டேப்பை விட்டால் வேறு வழி இல்லை. அமெரிக்க, ஜப்பானிய வீடியோவில் வினாடிக்கு 60 புலம், ஒரு புலத்தில் பயன்படும் 245 கோடுகள், ஒரு கோட்டில் 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பாவிலும் நம் தூர்தர்ஷனிலும் உள்ள முறையில் 50 புலம், 294 கோடுகள், அதே 3 அளவுகள். இதையும் பெருக்குங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றே.

சிடியின் பெரிய சாமர்த்தியம் அதன் பிழை திருத்தம். ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எண்களை வரிசையாக எழுதாமல் கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் எழுதிவிடுவார்கள். தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும், போன எண்களைக் கணக்குப் போட்டு அப்படியே மீட்டுவிடலாம். அதற்கும் மேலே போனால் பிளேயர் என்ன செய்யும்? முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போடும். ஊகமும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதுதான் 'டக்' என்ற வெட்டு. கணினித் தகவல் சிடியில் இதற்கு மேல் இன்னொரு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு 2,352 பைட்டிலும் 304 பைட் அதற்கும் முகவரி எழுதவும் ஒதுக்கப்படுகிறது. பாட்டு சிடிக்கு அது கிடையாது. அதனால்தான் கெட்டுப்போன சாஃப்ட்வேர் சிடி "படிக்க முடியவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. கெட்டுப்போன பாட்டு சிடியோ, பாடம் படிக்காமல் வைவா தேர்வுக்கு வந்த பையன் மாதிரி, ஊகித்தே ஒப்பேற்றும். அதிலிருந்து நீங்கள் பிரதி எடுத்தால் ஊகங்களும் நிஜமாகப் பதிந்துவிடும்.

நாமே எழுதக்கூடிய சிடியை ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988இல் செய்துகாட்டியது. எழுதும் கருவி 1995இல்தான் ஆயிரம் டாலரைத் தொட்டது. அது நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆயிற்று. ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கிப் பெட்டி கட்டியவர்கள், பிரௌசிங் சென்டர்காரர்கள், பழைய கேசட் கடைக்காரர்கள் என்று எல்லாரும் "சிடி ரைட்டிங் செய்து தரப்படும்" என்று போர்டு வைத்தார்கள். ஆங்கிலேயன் 'எரிப்பது' என்றான்; நம்மவர்கள் 'எழுதுவது', 'போட்டுத் தருவது' என்றார்கள். நம் சொல்தான் நல்ல சொல். ஆனால் எல்லாருடைய கணினியிலும் இருந்த மென்பொருளின் பெயர் நீரோ. ரோம் எரிந்ததை நினைவூட்ட வைத்த பெயர்; படத்தில் கொலோசியம் தீப்பற்றி எரியும். வரலாற்று ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கேசட்டுகள் எல்லாம் சிடிக்கு மாறத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். கெட்டுப்போனதும் இங்கேதான். வருஷக்கணக்கில் இப்படிப்பட்ட சிடிகளைக் கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தம் எந்தத் தப்பிலிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது.

குரல் அடைத்து, உச்சத்தில் தகரம் கிழிகிற மாதிரி கேட்டால், டேப்பின் வயரை மைக் துளையில் சொருகியிருக்கிறார்கள். கணினியின் பின்னால் இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு, வெளிர்நீலம் லைன் இன்னுக்கு. மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு என்பதால் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு பெருக்கி இருக்கும். டேப் டெக் அனுப்புவது அதைப்போலப் பல மடங்கு. பெருக்கி திணறிவிடும். போதாக்குறைக்கு அளவைக் குறைக்காமல் பதிவார்கள். டேப்பில் ஊசி சிவப்பைத் தொட்டால் பாதகமில்லை, நாடா மெதுவாக நிறைந்து மழுங்கும். டிஜிட்டலில் உச்சவரம்பு என்பது கான்கிரீட் கூரை. அதற்கு மேல் ஒலியின் தலை சீவப்பட்டுவிடும். சீவிய தலை எந்த மென்பொருளாலும் அப்படியே திரும்பாது.

அடியில் விடாமல் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால், அது நம் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ். டெக் ஒரு பிளக்கில், கணினி வேறு பிளக்கில். மூன்றாவது பின்னுக்கு எர்த் இருக்கும், அல்லது இருப்பதுபோல் தெரியும். அப்போது கணினிப் பெட்டியைத் தொட்டால் 'சுருக்' என்று விரலில் ஏறுமே, நினைவிருக்கிறதா? அதே கசிவுதான் ஆடியோ வயர் வழியாகப் பாட்டுக்குள் போனது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், நல்ல எர்த்தோடு சொருகியிருந்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். எஸ்டேட் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: பக்கத்துப் பட்டறையில் லேத் மோட்டாரைப் போட்டாலும் நிறுத்தினாலும் பதிவில் ஒரு 'டப்' விழும். அந்த ஒலி இரவில் பதிந்த சிடிகளில் குறைவாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

மொத்தமும் டெலிபோனில் கேட்கிற மாதிரி இருந்தால், விண்டோஸ் 98இன் சவுண்ட் ரெக்கார்டரில் பதிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதில் டெலிபோன், ரேடியோ, சிடி என்று மூன்று தரங்கள். அது தானாக எடுத்துக்கொள்வது ரேடியோ தரம்: வினாடிக்கு 22,050 அளவு, 65,536 படிகளுக்குப் பதில் வெறும் 256 படி. பதினொன்றாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. சலங்கை போச்சு, 'ஸ'வும் 'ஷ'வும் பாதி போச்சு. அதை அப்படியே சிடியாக எழுதினால், எழுதும் மென்பொருள் காலி இடத்தை நிரப்பி 44,100 ஆக்கிவிடும். சிடி பிளேயருக்கு வித்தியாசம் தெரியாது. காதுக்குத் தெரியும்.

நீருக்கடியிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தால் இரண்டு காரணம். 'இரைச்சல் நீக்கி' என்ற வசதியைக் கடைக்காரர் ஆசையோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். அல்லது நடுவில் எம்பி3 புகுந்திருக்கிறது.

எம்பி3 ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் வளர்த்த முறை. அந்தப் பெயர் 1995இல் வைக்கப்பட்டது. காது கவனிக்காது என்று கணக்குப் போட்ட ஒலிகளை நீக்கிவிட்டு மீதியை எழுதுவது. நம் கடைகளில் புழங்கிய 128 கிலோபிட் என்பது சிடி அளவில் பதினொன்றில் ஒரு பங்கு. ஒரே சிடியில் 150 பாட்டு! பர்மா பஜாரிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் வரை அந்தச் சிடிதான். திருட்டு விசிடி பெருகி, 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருட்டையும் சேர்க்கும் அளவுக்குப் போனது அதே காலம். எம்பி3யை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை நன்றாகச் செய்தால் நம்மில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. கெடுதல் எங்கே என்றால், அந்த எம்பி3யைப் பாட்டு சிடியாக விரித்து எழுதி, அதை இன்னொருவர் மறுபடி எம்பி3 ஆக்கி, மறுபடி எழுதியதில். இரண்டாம் டிகாஷனில் தண்ணீர் ஊற்றி டம்ளரை நிரப்பினால் அளவு சரியாக இருக்கும், காப்பி இருக்காது.

இதுவரை சொன்ன எதிலும் சிடி குற்றவாளி இல்லை. இப்போது சிடிக்கு வருகிறேன்.

கம்பெனி சிடியில் பள்ளங்கள் அச்சில் வார்த்தவை. நாம் எழுதும் சிடியில் பள்ளம் கிடையாது; ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் சுட்ட இடம் நிறம் மாறி, பள்ளம் போலப் பிளேயரை ஏமாற்றும். சாயத்தில் முக்கியமாக மூன்று வகை: பச்சை நீலமாகத் தெரியும் சயனின், ஏறக்குறைய நிறமே இல்லாத தாலோசயனின், கருநீலமான அசோ. சயனினுக்கு வெயில் ஆகாது. சாயத்துக்கு மேல் வெள்ளிப் படலம், அதற்கு மேல் மெல்லிய அரக்குப் பூச்சு, அவ்வளவுதான். ஆகவே சிடியின் மென்மையான பக்கம் நாம் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற பளபளப்பான அடிப்பக்கம் அல்ல. பெயர் எழுதுகிற மேல் பக்கம். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் மேலே அழுத்தி எழுதினால் நேரே தகவல் மேல் எழுதியதாக அர்த்தம். அடிக் கீறலுக்குப் பற்பசை தேய்க்கும் நம் வீட்டு வைத்தியம் சில சமயம் பலிக்கும். மேல் கீறலுக்கு வைத்தியமே இல்லை. கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டும் வட்ட ஸ்டிக்கரும் வேண்டாத வேலை.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேட்டில், சிடியை 4 முதல் 20 டிகிரி வெப்பத்தில், 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொன்னார்கள். ஆவடியில் மே மாதம் 40 டிகிரி. ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். அந்தக் கையேட்டின்படி பார்த்தால் நம் சிடிகள் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே அதிசயம்.

நாம் வாங்கிய வெற்றுச் சிடிகளில் பெரும் பங்கு மோசர் பேயர். 1983இல் தொடங்கி, நேரம் பதியும் கருவிகள் செய்து, பிறகு ஃப்ளாப்பி செய்து, 1999இல் சிடிக்கு வந்த இந்திய நிறுவனம், தொழிற்சாலை நொய்டாவில். உலகின் பெரிய சிடி உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. பின்னால் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று படங்களை விற்று, திருட்டு விசிடிக்காரர்களை விலையிலேயே மடக்கப் பார்த்தது. பென் டிரைவும் செல்போனும் வந்தபின் தளர்ந்து, 2018இல் கலைக்க உத்தரவாயிற்று. எழுதும் சிடியைக் கண்டுபிடித்த தையோ யூடனே 2015இல் அந்தத் தொழிலை விட்டுவிட்டது. இப்போது விற்கும் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது.

போன வருஷம் திருமுல்லைவாயிலிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர், அவருடைய அப்பா பாடிய தேவாரச் சிடி ஒன்றைக் கொண்டுவந்தார். 1991இல் வீட்டு டேப்பில் பதிந்தது, 2003இல் ஒரு கடையில் கொடுத்து மாற்றியது. அப்பா காலமாகிவிட்டார். "எல்லாப் பாட்டுக்கும் அடியில 'ம்ம்'னு ஒரு சத்தம் சார். கடைசி மூணு பாட்டு வெட்டி வெட்டிப் போகுது" என்றார். ஒரே சிடி, இரண்டு நோய். முனகல் 2003இல் அந்தக் கடையின் பிளக்கில் வந்தது. வெட்டு இப்போது வருவது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. விளிம்பில்தான் ஈரமும் விரலும் முதலில் படும். அதனால் சாகும்போது கடைசிப் பாட்டிலிருந்துதான் சாக ஆரம்பிக்கும்.

மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தோம் (வட்டமாகத் துடைக்கக் கூடாது, கீறல் தடத்தோடு நீளமாக விழுந்துவிடும்). என்னிடம் இருந்த இரண்டு பழைய டிரைவில் ஒன்று தடுமாறியது, மற்றது படித்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில், குறைந்த வேகத்தில் விட்டோம். முழு ராத்திரி ஓடியது. கடைசிப் பாட்டில் சில வினாடி தவிர மற்றதெல்லாம் கிடைத்தது. முனகல் முனகலாகவே இருந்தது.

"கேசட் எங்கேப்பா?" என்று கேட்டேன். சிடி வந்ததும் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். பூந்தமல்லியில் இருக்கும் அக்கா வீட்டுப் பரணில் கிடைத்தது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு மட்டும் விழுந்துபோயிருந்தது. நாடாவை வேறு கேசட் ஓட்டுக்கு மாற்றி, திருகைத் திருப்பிக் கோணம் சரிசெய்து, ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் சொருகி, லைன் இன்னில் மறுபடி பதிந்தோம். முனகல் இல்லை. ஜால்ரா பளிச்சென்று வந்தது. அந்தச் சில வினாடியும் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அது 90 நிமிடக் கேசட். சிடியில் பிடிப்பது 80 நிமிடம். கடைக்காரர் மிச்சத்தை வெட்டியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. பி பக்கத்தின் கடைசியில் ஒரு முழுப் பதிகம், அது முடிந்ததும் அப்பாவின் பேச்சுக் குரல்: "போதும், மெஷினை நிறுத்து. கரண்ட் ஆவுது." மாணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் டேப்பை நிறுத்தவில்லை. மீதி நாடாவும் ஓடி முடியட்டும் என்று விட்டேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பீரோவில் இருக்கும் சிடிகளில் கடைசிப் பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள். கெட ஆரம்பித்திருந்தால் அங்கே தெரியும். தெரியாவிட்டாலும் இந்த மாதமே கணினியில் ஏற்றிவிடுங்கள். எம்பி3 ஆக அல்ல, வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக, இரண்டு இடத்தில். சிடி எந்தக் கேசட்டிலிருந்து வந்ததோ அதைத் தேடி எடுங்கள். பூஞ்சை பூத்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். டெக், டிரைவ் இரண்டும் என்னிடம் ஓடும் நிலையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடுவேன். மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வருவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள், கேசட்டின் நீளம் 60 நிமிடமா 90ஆ என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற நேரத்தை ஒதுக்கி வைப்பேன்.